தராசை நம் பக்கம் திருப்புவோம்

திம்புள்ளையில் அளக்கப்படாத பொருள் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். கொழுந்து மடுவத்தில் கூடை தராசில் ஏறுகிறது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். மழை பெய்தால் அது எத்தனை மில்லிமீற்றர் என்று துரையின் ஒபிஸில் எழுதி வைக்கிறார்கள். கவ்வாத்துக் காலத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு போய் அதன் அமிலத்தன்மையைப் பார்க்கிறார்கள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் டொலமைட் போடுகிறார்கள். செடிக்கு என்ன குறை என்று ஆராய்வதற்காக 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமே தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது.

அந்தச் செடியில் கொழுந்து கிள்ளும் கையில் ஓடும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு? அந்தக் கைக்குச் சொந்தக்கார அக்காவுக்கே தெரியாது. வயிற்றில் பிள்ளை இருந்தபோது விரலில் குத்திப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது ஓ.எல். எழுதப் போகிறது. இடையில் யாரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. இலை மஞ்சள் தட்டினால் ஓடி வந்து பார்க்கும் இந்த மலையில், ஒரு பெண்ணின் கண்ணிமை உள்ளே வெளுத்துப் போனால் கிடைப்பது ‘சோம்பேறி’ என்ற பட்டம்தான்.

அக்கா, நீங்கள் சோம்பேறி இல்லை. விடிவதற்கு முன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மழையிலும் அட்டைக் கடியிலும் செங்குத்து மலையில் ஏறி, அந்திக்கொழுந்தையும் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அடுப்பை மூட்டுகிற ஒருத்தியை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. நீங்களே உங்களைப் பார்த்துச் சொல்லவும் கூடாது. உங்கள் களைப்புக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குப் பல நேரம் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் திருத்த வழியும் இருக்கிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அது எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். மற்றவர்கள் நம்மை அளந்தது போதும். நம் உடம்பை இனி நாம் அளப்போம்.

நம்மைப் பற்றிய காகிதங்களை எப்போதும் மற்றவர்களே எழுதினார்கள். அந்தக் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்க்கிற தோட்டத்துக்கே அவன் போக முடியும். 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள். வேலைப் பதிவேடான செக்றோலும் சம்பளச் சீட்டும் அப்படிப்பட்ட காகிதங்கள்தாம். எல்லாவற்றிலும் நாம் எத்தனை பேர் போட்டோம், எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்குத்தான்.

நம் இரத்தத்தையும் ஒருகாலத்தில் அக்கறையாகப் பார்த்தார்கள். 1916 அளவில் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிற புழு அது. வெறுங்காலோடு மலத்தால் அசுத்தமான ஈரமண்ணில் நடப்பவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போகும். தைமோல் மருந்து கொடுத்தார்கள், வேறொரு செடியின் எண்ணெயும் கொடுத்தார்கள். புழு போனால் இரத்தம் ஏறும், இரத்தம் ஏறினால் வேலை கூடும் என்ற கணக்கு தோட்டத்துரைமாருக்குப் புரிந்தது. ஆனால் கக்கூசு கட்டச் சொன்னபோது தயங்கினார்கள். மருந்து குடித்தவர்கள் பழைய மண்ணிலேயே நடந்தார்கள், புழு திரும்பி வந்தது. இதிலிருந்து நமக்கு ஒரு புத்தி வேண்டும். நம் இரத்தத்தை அடுத்தவன் இலாபத்துக்காக அளந்தால், இலாபம் நிற்கிற இடத்தில் அளவும் நின்றுவிடும். நமக்காக நாமே அளந்தால் மட்டும்தான் அது நிற்காது.

நம்மால் முடியுமா என்று கேட்காதீர்கள். பெண்ணுக்கு ஒரு நாட்சம்பளம், ஆணுக்கு ஒரு நாட்சம்பளம் என்று நெடுங்காலம் இருந்ததை 1984இல் மாற்றினோம். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே சம்பளம் வந்தது. மலையகத்துக்கு வந்து இருநூறு வருடம் ஆன 2023இல், நம் பாட்டன் பூட்டன் வந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தே போனார்கள். கல்லில் எழுதியதாக நினைத்த எண்ணையே மாற்றிக் காட்டியவர்கள் நாம். ஹீமோகுளோபின் 9 என்று வந்த காகிதத்தைக் கண்டு எதற்காகப் பயப்பட வேண்டும்?

அந்த எண்ணிலிருந்தே ஆரம்பிப்போம். திம்புள்ளைப் பெண்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இரத்தத்தின் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்தான் மூச்சில் எடுக்கிற ஒட்சிசனைத் தசைக்கும் மூளைக்கும் சுமந்து செல்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றரில் 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆணுக்கு 13. கர்ப்பிணிக்கு 11, நடு மூன்று மாதத்தில் 10.5. இன்னொன்றும் அதே நிறுவனம் சொல்கிறது: உயரமான இடத்தில் வாழ்பவர்களுக்கு இந்த எல்லையைச் சற்று மேலே தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும். காற்று மெலிந்த இடத்தில் உடம்புக்குக் கூடுதல் ஹீமோகுளோபின் தேவை. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றர் அளவில் இருக்கிறது. அதற்கு மேலேயும் எத்தனையோ லயங்கள் இருக்கின்றன. கொழும்பில் ‘பரவாயில்லை’ என்று சொல்கிற 12, இங்கே மலை ஏறுகிறவளுக்குப் போதாமல் இருக்கலாம். டொக்டரிடம் இதை வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இனிக் கொஞ்சம் கசப்பான செய்தி. நாம் வளர்க்கிற தேயிலையே நம் இரத்தத்தைக் குறைக்க உதவுகிறது. தேத்தண்ணியில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு அது உடம்பில் சேராமல் தடுக்கும். மீனிலும் ஈரலிலும் உள்ள இரும்பைவிடக் கீரை, பருப்பு, பயறில் உள்ள இரும்பைத்தான் அது மிகுதியாகத் தடுக்கும். நம் சாப்பாடோ ரொட்டி, சம்பல், பருப்பு, கீரை. அதோடு கூடவே ஒரு கோப்பை சாயத்தண்ணி. தேத்தண்ணியை விடச் சொல்ல மாட்டேன், குளிரில் நிற்கிறவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடியுங்கள். பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய் பிழியுங்கள், பக்கத்தில் கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால் கடியுங்கள். அதிலுள்ள விட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்த்துவிடும். நெத்தலிக் கருவாடு, முட்டை, கௌபி, பாசிப்பயறு, முடிந்த நாளில் ஈரல். கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது மாத்திரையைக் கானில் போடுவதற்குச் சமம். தண்ணீரோடு விழுங்குங்கள்.

எல்லா இரத்தச்சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. சிலருக்குத் தலசீமியா போன்ற பரம்பரைக் காரணம் இருக்கும், சிலருக்குப் புழு, சிலருக்கு மாதாமாதம் மிதமிஞ்சிப் போகிற இரத்தம். அதனால் மாத்திரை போட்டும் இரண்டு மூன்று மாதத்தில் எண் ஏறவில்லை என்றால் ‘என் உடம்பு அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். திரும்பப் போய் ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் என்ற சோதனையும் இருக்கிறது. தேவையா என்று டொக்டர் சொல்வார்.

இரத்தச்சோகையோடு கைகோத்து நடப்பது தைரொயிட். கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிற சிறு சுரப்பி அது. உடம்பின் அடுப்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை அதன் ஹோர்மோன்தான் சொல்கிறது. அந்த ஹோர்மோன் செய்ய அயடின் வேண்டும். மழை கழுவிக்கொண்டு போகிற ஈரவலய மண்ணில் அயடின் குறைவு. கழுத்தில் கழலையோடு நடமாடிய பாட்டிமாரைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். 1995இலிருந்து நாட்டில் விற்கிற உப்பில் அயடின் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த உப்பை அடுப்படியில் திறந்து வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் அயடின் போய்விடும். மூடியுள்ள போத்தலில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். இரும்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு: தைரொயிட் ஹோர்மோனைச் செய்கிற நொதியம் வேலை செய்யவே இரும்பு தேவை. ஒரு குறை இன்னொரு குறையை இழுத்து வரும்.

தைரொயிட் மந்தமானால் களைப்பு, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், மாதவிலக்கு அதிகமாகப் போவது, மறதி, மனம் சோர்ந்து கிடப்பது, எல்லாம் வரும். முக்கியமாகக் குளிர் தாங்காது. எங்கள் ஊரில் இதுதான் ஏமாற்றுகிறது. பனி இறங்குகிற திம்புள்ளையில் யாருக்குத்தான் குளிராது? எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருக்கிற இடத்தில் ஒருத்திக்கு மட்டும் எலும்புக்குள் குளிர்வதை யார் கண்டுபிடிப்பது? அவளே கண்டுபிடிக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்களைவிட எனக்குக் குளிர் அதிகம், உடம்பு ஊதுகிறது, ஒன்றும் பிடிக்கவில்லை என்று தோன்றினால் டிஎஸ்எச் என்ற இரத்தச் சோதனை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல ஆய்வுகூடங்களில் 0.4 முதல் 4 வரை சாதாரண அளவு. அதற்கு மேல் போனால் சுரப்பி தள்ளாடுகிறது என்பதற்கு அடையாளம். மருந்து ஒரு சின்ன மாத்திரை. விடிய எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத்தான் தேத்தண்ணி. இரும்பு மாத்திரையும் எழுதியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் நாலு மணித்தியாலம் விடுங்கள். ஒழுங்காகப் போட்டால் மனுசி பழையபடி எழுந்து நடப்பாள். இத்தனை எளிய மருந்து இருக்கும்போது ‘அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது’ என்று கயிறு கட்டிக்கொண்டு இன்னும் எத்தனை வருடத்தை வீணாக்கப் போகிறோம்?

சீனி வியாதியைப் பற்றி நம்மிடையே ஒரு தப்பெண்ணம்: அது கொழும்பு முதலாளிமாருக்கும் தொப்பை வைத்தவர்களுக்கும் மட்டுமே வருவது என்று. உண்மை வேறு. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்து, எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களானதும் இதய நோயும் நீரிழிவும் கூடுதலாக வருவதைக் காட்டினார். பூனாவில் யாஜ்னிக் என்ற மருத்துவர், நம் பக்கத்துக் குழந்தைகள் பார்க்க மெலிந்திருந்தாலும் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் பிறப்பதைக் கண்டார். இப்போது நம் கணக்கைப் பாருங்கள். 2016இன் குடித்தொகை சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 32. அந்தப் பிள்ளை வளர்ந்து கொழும்புக் கடையில் நின்றும் இருந்தும் வேலை செய்து, கொத்தும் சோடாவும் சாப்பிட்டால் அந்த உடம்பால் தாங்க முடியாது. ஆகவே மெலிந்த தம்பி, நீயும் பார்த்துக்கொள். காலையில் சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் சீனி 126க்கு வந்தால் நீரிழிவு என்று நினைத்து மறுபடி உறுதி செய்ய வேண்டும். 100 தாண்டினாலே கண் விழிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.5 என்றாலும் அதே பொருள்தான். ஆனால் இரும்புக் குறைவு இருந்தால் அந்த எண் பொய்யாக ஏறிக் காட்டலாம். இரத்தச்சோகை இருக்கிற அக்காமார் அதை டொக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இரத்தத்தில் உள்ள சீனியைக் கட்டுப்படுத்துகிற ஹோர்மோனான இன்சுலினை நம் பக்கம் வைத்துக்கொள்ளப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி என்பதை ஒரு வேளையாவது மாற்றி அவித்த பயறோ கடலையோ வையுங்கள். நம் மலையில் விளைகிற கோவாவும் லீக்ஸும் கரட்டும் லொறியில் ஏறி ஊர் ஊராகப் போகின்றன. ஒரு பங்கு நம் சட்டியில் விழட்டும். உள்ளங்கையில் கொட்டி நக்கிக் குடிக்கிற சீனியைப் பாதியாக்குங்கள். மலையேறுகிற கால்களுக்குச் சீனியை எரிக்கத் தெரியும். பென்சன் எடுத்த பிறகு அந்தக் கால்களைச் சும்மா விடாதீர்கள்.

பெண்களின் மாதக் கணக்கைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு வெட்கப்பட்டே நிறைய உயிரை இழந்திருக்கிறோம். மாதவிலக்கு தவறித் தவறி வருகிற பிள்ளைகளை அம்மாமார் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மணிக்கொருமுறை துணி மாற்றுகிற அளவுக்குப் போனால் அது ‘சூடு’ இல்லை, பார்க்க வேண்டிய வருத்தம். நின்று ஒரு வருடமான பிறகு மறுபடி ஒரு சொட்டு இரத்தம் கண்டால் அடுத்த நாளே ஆஸ்பத்திரி. தள்ளிப் போடாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மலையில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களே, அந்த வெட்கம் உங்களுடையது இல்லை. இடம் கட்டித் தராதவர்கள் வெட்கப்படட்டும்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் விடியலில் ஏறி நம்மை எழுப்பும், இரவில் இறங்கி நம்மைத் தூங்க விடும். ஒரே காம்பராவில் ஏழு பேர், நடுஇரவு வரை டீவி, குடித்துவிட்டு வருகிற சத்தம், கடன்காரன் நினைப்பு: இவற்றுக்கு நடுவில் அந்த ஏற்ற இறக்கம் குழம்பிப் போகிறது, பசியும் சீனியும் பிரஷரும் அதோடு சேர்ந்து குழம்புகின்றன. இதற்கு இரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. வீட்டில் ஒரு நேரத்துக்கு விளக்கை அணைக்கிற பழக்கம் போதும். கோர்ட்டிசோல் பார்க்கிறோம், ஐம்பது சோதனை ஒரே பெக்கேஜில் என்று போனில் விளம்பரம் வரும். ‘ஹோர்மோன் பெலன்ஸ்’ தூள் ஒரு டின் இத்தனை ஆயிரம் என்றும் வரும். ஒரு வாரச் சம்பளத்தை அதில் போடாதீர்கள். எந்தத் தூளும் ஹோர்மோனைச் சமன் செய்து காட்டியதில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

அண்ணன்மாரே, உங்களுக்கும்தான். கிளினிக் வரிசையில் பெண்களாகவே நிற்கிறார்கள். பிரஷர் 140க்கு 90ஐத் தாண்டினாலும் வலி இருக்காது, சத்தம் இருக்காது. பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் தெரியும். கருவாட்டு உப்பும் சாராயமும் அந்த எண்ணைத் தூக்கும். கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடிக்க இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயப்படுகிறவனா கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்றவன்?

எங்கே போவது? அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. லிந்துலை, கொட்டகலை, டிக்கோயா, எது கிட்டவோ அங்கே ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்’ எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். அது முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு எடை, பிரஷர், சீனி பார்ப்பதற்கான இடம். ‘வெல் வுமன்’ கிளினிக் 1996இலிருந்து நடக்கிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை, மார்புச் சோதனை எல்லாம் அங்கே உண்டு. உங்கள் டிவிசனுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸிடம் திகதி கேட்டால் சொல்வார். சோதனைச் சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு கொப்பி வாங்கி, திகதி போட்டு, ஹீமோகுளோபின், சீனி, பிரஷர், இடுப்புச் சுற்றளவு என்று எழுதுங்கள். இடுப்பு பெண்ணுக்கு 80 சென்றிமீற்றர், ஆணுக்கு 90 தாண்டாமல் இருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் ஸ்கூல் போகிற பிள்ளை எழுதும். அந்தப் பிள்ளையும் அப்படியே படித்துக்கொள்ளும்.

ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாட்பேர் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைத் தைரியப் பேச்சால் மட்டும் தீர்க்க முடியாது. சந்தாவுக்கும் வோட்டுக்கும் தலைவர்மார் வரும்போது மாலை போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: வருடத்தில் ஒரு நாள், முழுப் பேரோடு, ஒவ்வொரு டிவிசனிலும் இரத்தச் சோதனை. ஒபிஸ் வாசலிலும் இதையே கேளுங்கள், பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். அது கிடைக்கும்வரை லயத்துக்கு லயம் முறை போடலாம்: இந்த மாதம் நாலு பேர் போய்வரட்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வோம். அடுத்த மாதம் அடுத்த நாலு பேர். முதல் நாலு பேரில் உங்கள் பெயர் இருக்கட்டும், அக்கா.